யாருக்குத் தெற்கு?

சோலாப்பூர்க் கிளையில் நான் இருந்தபோது சக குமாஸ்தா ஒருவர் என்னை 'சௌத்வாலா' என்றே அழைப்பார். அவர் நாற்காலி கிடந்ததும் தக்காணத்தில்தான்; அந்தச் சொல்லுக்கும் தெற்கு என்றே பொருள். எனக்கோ அது வடக்கு.

தட்சிணம் என்றால் வலது. கிழக்குப் பார்த்து நிற்பவனின் வலக்கைப் பக்கம். அவன் நின்றது விந்தியத்துக்கு அப்பால். பழைய பெயரான தட்சிணாபதத்தில் 'பதம்' என்பது வழி, நிலமல்ல. கடந்துபோகிறவன் இட்ட பெயர். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ் இதைக் கேட்டெழுதிப் பொருளும் தருகிறது. அதில் வியப்பில்லை. நாணேகாட் கணவாயில் அரசி நாகனிகாவின் கல்வெட்டு, அந்த மண்ணையே ஆண்ட சாதவாகன மன்னனைத் 'தட்சிணாபதபதி' என்கிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது. (அங்குள்ள கல்தொட்டியைச் சுங்கக் காசு போட்டது என்று காட்டுகிறார்கள். கௌண்டரில் உட்கார்ந்தவனுக்கு அதன் மேல்தான் கண் போகும்.)

வழிப்போக்கன் பெயரில் வறட்சி இல்லை. மேற்கு மலை மேகத்தைக் கொங்கணத்திலேயே பிழிந்துவிடுகிறது. மறுபுறம் பல இடங்களில் ஆண்டுக்கு 500, 600 மில்லிமீட்டர் மழைதான். 1972-73இல் லட்சக்கணக்கானோர் நிவாரண வேலையில் கல் உடைத்தார்கள்.

உங்கள் பக்கத்துக்கு என்ன பெயர் என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். லெட்ஜரிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "தேஷ்."