பபிள் பையனும் அக்கா கொடுத்த மஜ்ஜையும்

டேவிட் வெட்டர். 1971ல் ஹூஸ்டனில் பிறந்த பையன். உடம்பில் எதிர்ப்பு சக்தியே கிடையாது. கிருமி நுழையாத பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளேயே 12 வருஷம் வளர்ந்தான். 1983 அக்டோபரில் அக்காவின் எலும்பு மஜ்ஜையை ஏற்றினார்கள். அதற்குள் எப்ஸ்டீன்-பார் வைரஸ் பதுங்கியிருந்தது. நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சும்மா தூங்குகிற ஆசாமிதான். அடக்கிவைக்க டி-செல் இல்லாத இடத்தில் புற்றுநோயாக்கிவிட்டது. 1984 பிப்ரவரியில் டேவிட் இறந்துபோனான்.

பொட்டி தட்டுற எனக்குப் புரிஞ்ச பாஷையில்: ஃபயர்வால் பக்கா, போட்ட பேட்ச்சிலேயே வைரஸ். :-(

1990களில் மெம்பிஸ் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் கிளியோனா ரூனி, ஹெலன் ஹெஸ்லாப் குழு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தானம் கொடுத்தவரின் டி-செல்லுக்கு அந்த வைரஸை அடையாளம் காட்டிப் பழக்கி, மாற்று சிகிச்சை முடிந்த குழந்தைகளுக்கு ஏற்றினார்கள். வேலை செய்தது! பிற்பாடு அந்தக் குழு குடிபெயர்ந்தது அதே ஹூஸ்டனுக்கு. 2022ல் ஐரோப்பா இந்த வகை செல்லை மருந்தாகவே அங்கீகரித்தது.