ஒரு டம்ளர் தண்ணீர்

1842-ல் லண்டன் துப்பறியும் இலாகா தொடங்கப்பட்ட காலம் முதலாகவே அதில் உழைத்துத் தேர்ந்தவரும், தோட்டக்காரர் ஒருவரின் புதல்வருமான இன்ஸ்பெக்டர் ஜோனதன் விச்சர், 1860 ஜூலை மத்தியில் அந்நாளில் வில்ட்ஷயர் ஜில்லாவில் இருந்த ரோட் கிராமத்துக்கு வந்தபோது, நாலு வயது நிரம்பாத ஸாவில் கெண்ட் கழுத்தறுபட்டு மலக்குழியில் கண்டெடுக்கப்பட்டு இரண்டு வாரங்கள் கழிந்திருந்தன. லண்டன் அதிகாரியின் வருகையில் உள்ளூர்ப் போலீஸாருக்கு மனத்தாங்கல் இருந்தது. கொலை நடந்த அன்றே கெண்ட் வீட்டுச் சமையற்கட்டு அடுப்பின் பொந்தில் இரத்தக்கறை படிந்த உள்ளங்கி ஒன்று அகப்பட்டதையும், உடையவர் தேடி வருவார் என்று அதைத் திரும்ப அங்கேயே வைத்துப் பறிகொடுத்ததையும், ஸூபரின்டெண்டெண்ட் ஃபோலி விச்சரிடம் மூச்சுவிடவில்லை. இதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

விச்சர் நம்பியதெல்லாம் சலவைக் கணக்கை. ஸாவிலுடைய தந்தையின் மூத்த தாரத்து மகளான பதினாறு வயதுக் கான்ஸ்டன்ஸுக்கு இராவுடைகள் மூன்று, இருந்தவையோ இரண்டு. கறைபட்டதை ஒழித்துவிட்டு, அழுக்குக் கூடையில் போட்டிருந்த களங்கமற்ற உடையை, வேலைக்காரியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிய இடைவெளியில் அவள் திரும்ப எடுத்துக்கொண்டு, பழியை வண்ணாத்தியின் மேல் விழச் செய்தாள் என்பது அவருடைய அனுமானம். ஜூலை 20-ல் அவளைக் கைது செய்தார். ஒரு வாரத்தில் மாஜிஸ்திரேட்டுகள் ஜாமீனில் விட்டார்கள். கனவான் வீட்டுக் கன்னிகையின் உள்ளாடைகளை ஏழை வீட்டில் பிறந்த ஒருவன் எண்ணிப் பார்ப்பதா என்று பத்திரிகைகள் கொதித்தன. பார்லிமெண்டிலும் அவர் பெயர் அடிபட்டது.

மனமும் தேகமும் நலிந்து, மூளையில் இரத்தத் தேக்கம் என்ற வைத்திய அத்தாட்சியின்பேரில், 1864-ல் ஐம்பது நிரம்புமுன்னரே விச்சர் உபகாரச் சம்பளம் பெற்று விலகினார். கொலைகளுக்கும் இலாகாச் சச்சரவுகளுக்கும் பிராயத்தை ஈந்த அவர், தாம் குடியிருந்த வீட்டின் தலைவியான விதவை மாதையே 1866-ல் விவாகம் செய்துகொண்டு, அதன் பிறகே நிம்மதியான இல்லறம் கண்டார்.

அதற்கு முந்திய வருஷம், 1865 ஏப்ரல் 25-ல், கான்ஸ்டன்ஸ் தானாகவே லண்டன் போ வீதி நீதிமன்றத்துக்கு வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாக மாற்றப்பட்ட பின்னர், டாக்டர் ஒருவர் மூலம் அவள் வெளியிட்ட விவரங்களில், வேலைக்காரி டம்ளர் தண்ணீர் எடுக்கப் போயிருந்த சமயத்தில் கூடையிலிருந்து இராவுடையை எடுத்துக்கொண்டேன் என்பதும் அடங்கியிருந்தது.