வாசலை மாற்றியவர்

ராயபுரம் கடலோரத்தில் நிற்கிறவர்கள் கண்ணுக்கு மணலைவிடக் கருங்கல் குவியல்தான் அதிகம் தென்படும். மெரினாவிலோ, கால் ஓயும் வரை மணலில் நடந்தால்தான் அலையைத் தொடலாம். ஒரே ஊர், ஒரே கடல். ஏன் இந்த ஓரவஞ்சனை? இதற்குள் ஒரு சரித்திரம் அடங்கியிருக்கிறது.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. அந்த நாளில் கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரை சேர வேண்டும். அலை மோதும்போது தைத்த படகு நெளிந்து கொடுக்குமல்லவா? படகோட்டிகளின் சாமர்த்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை வேகமாகத் துடுப்புப் போட்டாலும், துறைமுகம் இல்லாத ஊர் துறைமுகம் இல்லாத ஊர்தான்!

1875-ல் வேல்ஸ் இளவரசர் வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். பார்க்ஸ் என்ற என்ஜினீயரின் திட்டப்படி கடலுக்குள் இரண்டு கல் கரங்கள் நீண்டன. வாசல் கிழக்கே பார்த்தது. 1881-ல் வந்த புயல் வேலையைச் சின்னாபின்னமாக்கிவிட்டுப் போயிற்று. மறுபடியும் கட்டினார்கள், வாசல் மட்டும் அதே கிழக்கே! நல்ல கல், நல்ல கட்டு. இருந்தும் அலை நேராக உள்ளே புகுந்தது. துறைமுகத்துக்குள் நின்றும் கப்பல்கள் தள்ளாடின. தெற்கேயிருந்து வந்த மணலோ தென்கரத்தில் ஒதுங்கி ஒதுங்கி, வாசலையே நெருங்கிற்று.

1904-ல் துறைமுக டிரஸ்டின் தலைவராக பிரான்ஸிஸ் ஸ்பிரிங் வந்தார். இன்னொருவராயிருந்தால், 'மணலை இன்னும் மலிவாக வாருவது எப்படி?' என்று கேட்டிருப்பார். ஸ்பிரிங், 'வாசல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா?' என்று கேட்டார். கிழக்கு வாசல் அடைபட்டது. வடகிழக்கில் புது வாசல் திறந்தது. முதல் கேள்வி திறமையைப் பற்றியது; இரண்டாவது பயனைப் பற்றியது. ஸ்தாபனங்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

1912-ல் அதே காரியாலயத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா சேர்ந்தார். ராமானுஜன் என்று பெயர். பேரேட்டை மட்டும் பார்க்கிற அதிகாரி, 'இன்னும் விரைவாகக் கூட்டு, ஐயா!' என்றிருப்பார். ஸ்பிரிங்கும் நாராயண ஐயரும் இந்த மனிதர் இருக்க வேண்டிய இடம் இதுதானா என்று பார்த்தார்கள். 1913-ல் சர்வகலாசாலை எழுபத்தைந்து ரூபாய் உபகாரச் சம்பளம் தந்தது. 1914-ல் ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். காரியாலயத்துக்கு ஒரு குமாஸ்தா நஷ்டம். உலகத்துக்கு?

இங்கேயே கதையை முடித்தால் மனத்துக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் ராயபுரத்துக் கருங்கற்கள் விடமாட்டேன் என்கின்றன. வருஷத்தில் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகத்தின் கரம் அதை வழிமறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே, மணல் வரத்து நின்றுபோன கரையைக் கடல் தின்னத் தொடங்கியது. ராயபுரம் தொட்டுத் திருவொற்றியூர் வரை மீனவக் குப்பங்கள் வீட்டையும் வலை உலர்த்தும் இடத்தையும் இழந்தன. கப்பல்களின் கணக்கில் அந்த வீடுகளை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

காரியத்தைச் சரியாகச் செய்கிறோமா என்று கேட்பது சுலபம். சரியான காரியமா என்று கேட்பது கடினம். யாருக்குச் சரி என்று கேட்பதோ அதைவிடக் கடினம். அந்தக் கேள்வியை ராயபுரத்து அலை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.