போத்தல் மினரல் வாட்டர்: விலை கூடினால் சத்தும் கூடுமா?

கடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போத்தல். இரண்டிலும் தண்ணீர்தான், ஆனால் ஒன்றின் விலை மற்றதைவிடப் பல மடங்கு. ரந்தாவ் லின்சம், போர்ட்டிக்சன் சுவா பெத்தோங் போன்ற தோட்டப்புறங்களிலும் இப்போது விசேஷம் என்றால் போத்தல் தண்ணீர்தான். கூடுதல் காசுக்கு என்ன கிடைக்கிறது?

முதலில் லேபிளைப் பாருங்கள். 'ஆயர் மினரல் செமுலா ஜாடி' என்றால் நிலத்தடியிலிருந்து எடுத்த, இயற்கையாகவே தாதுக்கள் கரைந்த தண்ணீர். 'ஆயர் மினுமான்' என்றால் சுத்திகரித்த குடிநீர். அதை ஆர்.ஓ. முறையில் வடிகட்டியிருந்தால் தாதுக்கள் பெரும்பாலும் போயிருக்கும். கலர் மூடி மினரல், வெள்ளை மூடி சாதாரணம் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன கணக்கு. மூடியைவிட லேபிள்தான் நம்பகம்.

சுவை வித்தியாசம் கற்பனை இல்லை. தாது மிகக் குறைந்த தண்ணீர் சப்பென்று இருக்கும். கால்சியமும் பைகார்பனேட்டும் கூடினால் வாயில் ஒரு கனம் தெரியும். மெக்னீசியம் அதிகமானால் லேசான கசப்பு, சோடியம் அதிகமானால் உவர்ப்பு. பிரான்சின் எவியான் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 80 மில்லிகிராம் கால்சியம், 26 மில்லிகிராம் மெக்னீசியம். ஃபிஜி தண்ணீரில் கால்சியம் 18தான், ஆனால் சிலிக்கா 90க்கு மேல். அது வழவழப்பாக இறங்குவதாகச் சொல்பவர்கள் சிலிக்காவைத்தான் காரணம் காட்டுகிறார்கள்.

நம் பக்கத்துக் கதை வேறு. தித்திவங்சா மலைத்தொடரின் தென்கோடி நெகிரி செம்பிலானுக்குள் வருகிறது. பெரும்பாலும் கிரானைட் பாறை. அது தண்ணீரில் எளிதில் கரையாது. அதனால் மலையிலிருந்து வரும் ஆற்றுநீர் மென்னீர். சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். இந்தத் தண்ணீரில் வளர்ந்த நாக்குக்கு எவியான் கொஞ்சம் 'கெட்டியா' தெரிவது இயல்பு. பைப்புத் தண்ணியில் பிடிக்காதது பல நேரம் குளோரின் வாடைதான். குடத்தில் பிடித்துச் சில மணி நேரம் வைத்தால் அது குறையும். பழைய கிணற்று நீரில் போட்ட தேத்தண்ணி கறுத்தால், இரும்புச்சத்து கூடுதலாக இருக்கலாம். அதைப் பரிசோதிக்க வேண்டும்.

சரி, சத்து? எவியான் ஒரு நாளைக்கு 2 லிட்டர் குடித்தாலும் 160 மில்லிகிராம் கால்சியம்தான். பெரியவருக்குத் தேவை சுமார் 1,000. 100 கிராம் கேழ்வரகிலேயே 300க்கு மேல் இருக்கிறது. சத்துக்காக வாங்குவதென்றால் கேழ்வரகுக் கூழ் மலிவு. சுவை பிடித்து வாங்கினால் அது உங்கள் விருப்பம்.

இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் சோடியம் வரியைப் படிக்க வேண்டும். எவியானில் லிட்டருக்கு 10 மில்லிகிராம்கூட இல்லை. ஆனால் விச்சி செலஸ்டின் என்ற பிரெஞ்சு நுரைநீரில் 1,000க்கும் அதிகம்! கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்க மினரல் வாட்டர் வேண்டாம். சில வகைகளில் சோடியமும் சல்பேட்டும் குழந்தைக்குக் கூடுதலாக இருக்கும். சுத்திகரித்த பைப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சூட்டோடு மாவைக் கலக்கி, நன்றாக ஆறிய பிறகு கொடுக்கலாம்.