நோயேடு பேசட்டும்!

வேந்தர் வென்ற களங்கள் கல்லிலே வெட்டப்பட்டன. அவர் தந்த கொடைகள் செப்பேட்டிலே பொறிக்கப்பட்டன. அந்த வேந்தரின் நாட்டிலே ஏர் பிடித்தவன் எந்த நோயால் மாண்டான், அவன் துணைவி எத்தனை குழவிகளைப் பறிகொடுத்தாள்? எழுதிவைத்தார் எவர்? எழுதாத காரணத்தால்தான், எல்லாச் சாவுக்கும் 'தலைவிதி' என்ற ஒரே விளக்கம் போதுமானதாயிற்று!

அந்த விதியை விரட்டிடும் கருவி ஒன்று உண்டு. விலை உயர்ந்ததன்று, மருத்துவரின் மேசைமீது கிடக்கும் குறிப்பேடுதான் அது. வெறும் சொல்லலங்காரமன்று இது, வரலாறு.

இங்கிலாந்தின் வடபுலத்திலே, வென்ஸ்லிடேல் எனும் பள்ளத்தாக்கு. அங்கே சிற்றூர் மருத்துவராக இருந்தவர் வில்லியம் பிக்கிள்ஸ். 1929இல் மஞ்சள் காமாலை பரவிற்று. யார், எந்நாளில், எவருடன் பழகியபின் படுத்தார் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். காலையிலே படுக்கையில் அவர் கண்ட பெண்ணொருத்தி, பிற்பகலிலே எழுந்து ஊர் விழாவுக்குச் சென்றுவிட்டாள். அங்கு வந்தவர்களிலே பலர் பின்னர் நோயுற்றனர். தொற்றிய நாளுக்கும் வெளிப்படும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு திங்கள் என்பதை ஏடு காட்டிக் கொடுத்தது! 1939இல் அவர் கண்டவை நூலாயின. ஆய்வுக்கூடம் அவருக்கு அவருடைய ஊர்தான்.

நம் சென்னைக்கு வருவோம். 1956இல் இங்கே காசநோய் மருந்தாய்வு மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக நல நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கைகோத்தன. கேள்வி எளியது: காசநோயாளி விடுதியிலே கிடந்துதான் தேற வேண்டுமா, வீட்டிலிருந்தே தேறலாமா? 193 நோயாளிகள், இரு பிரிவுகள். ஒரு பிரிவினருக்கு நல்லுணவும் ஓய்வும் கொண்ட விடுதி. மற்றவருக்கு நெருக்கடி மிகுந்த தம் இல்லம், குறைந்த உணவு. மருந்து இருவருக்கும் ஒன்றே. உண்டது, உழைத்தது, மருந்தை விழுங்கியது, விழுங்காதது எல்லாம் குறிக்கப்பட்டன. ஓராண்டு முடிவில் விடுதியிலே நூற்றுக்கு 92 பேர், வீட்டிலே நூற்றுக்கு 86 பேர் நோய் அடங்கிய நிலை எய்தினர்! வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் அதனால் மிகுந்துவிடவில்லை. 1959இல் இது வெளியானதும், விடுதியிலே இடம் கிட்டாத ஏழைக்கும் வாழ்வு உண்டென்று உலகம் உணர்ந்தது. உணர்த்தியது எது? சென்னைக் குடிசையிலே எழுதப்பட்ட குறிப்பு!

வந்தவரை மட்டுமா ஏடு காட்டும்? வராதவரையும் காட்டும். வேல்சு நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊராகிய கிளின்கோரக்கிலே பணியாற்றியவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். ஊராரின் இரத்த அழுத்தத்தை ஒருவர் விடாமல் அளந்து குறித்தவர். 1971இல் அவர் உரைத்த விதி இது: எவருக்கு மருத்துவம் மிகுதியாகத் தேவையோ, அவருக்கே அது குறைவாகக் கிட்டுகிறது. தலைவிதியன்று இது, மனிதர் வகுத்த விதி. ஆகவே மனிதரால் மாற்றத்தக்கது.

இனி வானகரத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே பெரிய மருத்துவமனையும் உண்டு, மீன் சந்தையும் உண்டு. சந்தையிலே கூடை தூக்குபவர் இன்று ஒரு மருத்துவரிடம் செல்வார், அடுத்த திங்கள் வேறொருவரிடம். கையிலுள்ள சீட்டோ நனைந்து கிழிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அவர் புது நோயாளி. அவருடைய நோயோ பழையது! 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து தருகிறது. தந்த மருந்தைக் கணக்கிட்டால் போதாது. இடையிலே விட்டவர் யார், ஏன் விட்டார் என்பதையும் ஏடு சொல்ல வேண்டும்.

அவ்வேடு அங்காடிப் பொருளாகிவிடவும் கூடாது. பெயரை மறைத்து, நோயை மட்டும் எண்ணுதலே நேர்மை. நம்பிச் சொன்னவரின் துயரை விற்பவன், எழுதாதவனினும் கொடியவன்.

எழுதுவோம், எண்ணுவோம், எண்ணியதைக் கொண்டு ஏழைக்கு மருந்தைக் கொண்டு சேர்ப்போம். கல்வெட்டிலே இடம்பெறாத மக்களுக்கு, நோயேட்டிலேனும் இடம் கிடைக்கட்டும்!