சவப்பெட்டி சொல்லும் சரித்திரம்

வரலாறு என்றவுடன் மன்னர்களின் அரண்மனைகளும் போர்க்களங்களும் கோட்டை கொத்தளங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஒரு மக்கள் கூட்டத்தார் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை அறிய, அவர்கள் எவ்வாறு அடக்கம் செய்யப்பட்டனர் என்று பார்த்தாலே போதும். பெட்டியின் மரமும், அதில் அறைந்த ஆணியும், உள்ளே விரித்த துணியும் ஏடுகள் எழுதாமல் விட்ட செய்திகளைக் கூறும். அவ்வகையில் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்களின் சவப்பெட்டிகள் கூறும் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடல் கடந்த மக்களின் கதை நமக்கு எதற்கு என்று இளைஞர்கள் வினவக்கூடும். அண்ணல் அம்பேத்கர் 1946-ஆம் ஆண்டிலேயே கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மக்களின் நிலைக்கும் நம் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். உறவு அன்றே தொடங்கிவிட்டது.

துணிக்கும் தடை

நியூயார்க் நகரில் 1697-ஆம் ஆண்டு டிரினிட்டி தேவாலயத்தார் தம் கல்லறைத் தோட்டத்தில் கறுப்பின மக்களைப் புதைக்கலாகாது என்று தடை விதித்தனர். எனவே அம்மக்கள் ஊருக்கு வெளியே தனி இடுகாடு கண்டனர். அங்கும் அவர்களைச் சட்டம் பின்தொடர்ந்தது. ஓர் அடிமையின் அடக்கத்தில் பன்னிரண்டு அடிமைகளுக்கு மேல் கூடலாகாது என்றும், பெட்டியின்மேல் மரியாதைத் துணி பிடித்துச் சென்றால் கசையடி என்றும் 1731-இல் விதி செய்தனர். இறந்தவனுக்குப் போர்த்தும் துணிகூட ஆண்டைகளின் கண்ணை உறுத்தியது போலும்!

காலப்போக்கில் அவ்விடுகாட்டின்மேல் நகரம் எழுந்தது. மக்கள் அதை மறந்தனர். 1991-இல் அரசு அலுவலகக் கட்டடத்திற்கு அடித்தளம் தோண்டியபோது எலும்புகளும் பெட்டிகளின் சிதைவுகளும் வெளிப்பட்டன. 419 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டு, கறுப்பின மக்களின் உயர்கல்வி நிலையமாகிய ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆராயப்பட்டன. பெரும்பாலோர் மரப்பெட்டியில், பிணத்துணி சுற்றி, அதில் குண்டூசி குத்தி, முறையாக அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். ஒரு பெட்டியின் மூடியில் சிறு ஆணிகளை வரிசையாக அறைந்து, இதயம் போன்ற உருவம் வரைந்திருந்தனர். அது மேற்கு ஆப்பிரிக்க மக்களின் சின்னம் என்பார் சிலர். அன்று என்பார் சிலர். எதுவாயினும், உரிமையற்ற ஒருவரின் பெட்டிக்கு யாரோ ஒருவர் அமர்ந்து அழகு செய்திருக்கிறார் என்பது உறுதி.

2003-ஆம் ஆண்டு அவ்வெச்சங்களை மீண்டும் நல்லடக்கம் செய்தபோது, ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் கையால் செதுக்கிய மரப்பெட்டிகளை வரவழைத்தனர். அவற்றின் உட்புறத்தில் அந்நாட்டின் புகழ்பெற்ற கெண்டே துணியை விரித்தனர். துணி பிடித்தால் கசையடி என்ற நகரில், அவர்தம் மூதாதையர் நாட்டுத் துணியே அவர்களுக்கு மெத்தையாயிற்று.

பெட்டியின் வடிவமும் பொருளும்

பழைய சவப்பெட்டி ஆறு பக்கங்கள் கொண்டது. தோளருகே அகன்று, தலையும் காலும் நோக்கிக் குறுகும். பக்கப் பலகையின் உட்புறத்தில் இரம்பத்தால் சிறு வெட்டுகள் போட்டு, வெந்நீர் ஊற்றி வளைத்துத் தோள் வளைவை அமைப்பர். ஏழைக்குப் பைன் மரம். வசதி படைத்தோர்க்கு வால்நட், மகோகனி மரங்கள். உள்ளே மரச்சீவலோ வைக்கோலோ பரப்பி, மேலே துணி விரித்து ஓரங்களில் ஆணி அடிப்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அமெரிக்காவில் நாற்கோண வடிவப் பெட்டி பரவியது. அதற்குக் 'கேஸ்கட்' என்று பெயர். நகைப்பேழை என்பதே அச்சொல்லின் பழைய பொருள். மரத்தோடு இரும்பும் வந்தது. 1848-இல் ஃபிஸ்க் என்பார் காற்றுப் புகாத வார்ப்பிரும்புப் பெட்டிக்கு உரிமம் பெற்றார். முகத்திற்கு நேரே கண்ணாடி பதித்த அப்பெட்டி செல்வர்க்கே எட்டும் பொருளாக இருந்தது. அடிமை முறையை நன்மை என்றே வாதிட்ட கால்ஹூன் என்ற செனட்டர் 1850-இல் இறந்தபோது அத்தகைய பெட்டியில்தான் வைக்கப்பட்டார்.

2011-ஆம் ஆண்டு நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், கறுப்பினத் தேவாலயம் ஒன்றின் பழைய இடுகாட்டு நிலத்தில், அதே வகை இரும்புப் பெட்டி ஒன்று வெளிப்பட்டது. உள்ளே இருந்தவர் ஓர் இளம் கறுப்பினப் பெண்மணி. பெரியம்மை கண்டு இறந்தவர். அப்பெட்டித் தொழிலில் ஃபிஸ்க்கின் பங்காளியாக இருந்தவர் வீட்டில் வாழ்ந்தவர் அவர் என ஆய்வாளர் கருதுகின்றனர். அடிமை முறையைப் போற்றியவருக்கும், அவர் தாழ்த்தி வைத்த இனத்துப் பெண்ணுக்கும் இரும்பு ஒரே விதமாகவே காவல் புரிந்தது. வேற்றுமை பாராட்டியவன் மனிதனே!

சில்லறைக் காசு கல்லூரியான கதை

தென் மாநிலங்களில் வெள்ளையர் நடத்திய ஈம நிலையங்கள் கறுப்பினத்தாரை ஏற்க மறுத்தன. ஏற்றவையும் பின்வாசல் வழியே ஏற்றன. ஆகவே அம்மக்கள் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள முனைந்தனர். 1787-லேயே பிலடெல்பியாவில் ரிச்சர்டு ஆலன், அப்சலம் ஜோன்ஸ் ஆகியோர் பரஸ்பர உதவிச் சங்கம் கண்டனர். நோயுற்றோர்க்கும் கைம்பெண்களுக்கும் உதவுவது அதன் நோக்கம். நாளடைவில் ஊர்தோறும் ஈமச் சங்கங்கள் தோன்றின. உறுப்பினர் வாரந்தோறும் சில்லறைக் காசு கட்டுவர். இறந்தால் நல்ல பெட்டியும் நல்லடக்கமும் சங்கத்தின் பொறுப்பு.

அலபாமா மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளி ஏ. ஜி. காஸ்டன் அடிமைகளின் பேரர். சக தொழிலாளரின் அடக்கச் செலவுக்குக் கையேந்தும் அவலத்தைக் கண்டு, 1923-இல் ஈமச் சங்கம் தொடங்கினார். அது ஈம நிலையமாகவும் காப்பீட்டு நிறுவனமாகவும் வளர்ந்தது. கணக்கும் தட்டச்சும் அறிந்த தம் இனத்து இளைஞர் போதாமையால் 1939-இல் வணிகக் கல்லூரியையும் நிறுவினார். பிற்காலத்தில் அவர் கட்டிய விடுதியில்தான் 1963-ஆம் ஆண்டு பர்மிங்காம் போராட்டத்தின்போது மார்ட்டின் லூதர் கிங் தங்கித் திட்டமிட்டார். போராட்ட முறையில் இருவர்க்கும் கருத்து வேற்றுமை உண்டு. எனினும் கிங் சிறைப்பட்டபோது பிணைத்தொகை கட்டியவர் காஸ்டனே. சவப்பெட்டிக்குச் சேர்ந்த சில்லறைக் காசு கல்லூரியாயிற்று. சிறைக் கதவையும் திறந்தது.

திறந்து வைத்த பெட்டி

1955 ஆகஸ்டு மாதம், சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினரைக் காணச் சென்ற எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுச் சிறுவனை வெள்ளையர் இருவர் சித்திரவதை செய்து கொன்று ஆற்றில் எறிந்தனர். திறக்கலாகாது என்ற நிபந்தனையுடன் உடல் பெட்டியில் வைத்து அனுப்பப்பட்டது. தாய் மேமி திறந்தே ஆகவேண்டும் என்றார். கறுப்பினத்தவரான ஈமத் தொழிலர் ரெய்னர் இறுதியில் இசைந்தார். உருக்குலைந்த முகத்தை உலகம் காணட்டும் என்று, கண்ணாடி மூடியிட்ட பெட்டியில் மகனை வைத்தார் தாய். பல்லாயிரவர் கண்டனர், படமும் ஏடுகளில் வந்தது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த ஜூரி, கொலையாளிகளைக் குற்றமற்றவர் என விடுவித்தது. ஆயினும் அப்பெட்டி எழுப்பிய சீற்றம் குடியுரிமைப் போராட்டத்தின் வித்துகளுள் ஒன்றாயிற்று. 2005-இல் மறு விசாரணைக்காக உடல் எடுக்கப்பட்டு வேறு பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டது. பழைய பெட்டி இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

பெருமையும் கடனும்

ஆனால் இத்தொழிலுக்கு மறுபக்கமும் உண்டு. எஃகுப் பெட்டியில் பதினாறு, பதினெட்டு, இருபது கேஜ் என்று தகட்டின் கனத்திற்கேற்ப விலை; வெண்கலமும் செம்பும் அதற்கு மேல். உள்ளே மெத்தை, தலையணை, சுருக்கு வைத்துத் தைத்த கிரேப் துணி, அதற்கும் மேல் வெல்வெட். விளிம்பில் ரப்பர் பட்டை வைத்து, உடல் கெடாது என்று கூறி விற்றவரும் இருந்தனர். துக்கத்தில் இருப்பவர் பேரம் பேசார் என்பதே இவ்வணிகத்தின் பலம். 1963-இல் ஜெசிக்கா மிட்ஃபோர்டு தம் நூலில் இதனை அம்பலப்படுத்தினார். 1984 முதல், விலைப்பட்டியலை முன்கூட்டியே தரவேண்டும் என்றும், பெட்டி உடலைக் காக்கும் என்று பொய்யுரைக்கலாகாது என்றும் அரசு விதி நடைமுறைக்கு வந்தது.

வாழ்நாளெல்லாம் மறுக்கப்பட்ட மரியாதையை இறுதி நாளிலேனும் பெறவேண்டும் என்ற ஏக்கம் நியாயமானதே. ஆனால் அந்த ஏக்கமே ஏழைக் குடும்பத்தைக் கடனில் தள்ளுமானால், இழப்பு இரட்டிப்பாகும். 1968-இல் கிங்கின் பெட்டியைச் சுமந்தது அலங்கார வண்டியன்று; கோவேறு கழுதைகள் இரண்டு பூட்டிய சாதாரண உழவர் வண்டியே. அதனால் அவர் பெருமை குறையவில்லை.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

நம் நாட்டில் பறை கொட்டுவதும், குழி வெட்டுவதும், சாவுச் செய்தி சுமப்பதும் பிறர் பொருட்டு நம்மேல் சுமத்தப்பட்டன. அவர்களோ தம் இறந்தோர்க்குத் தாமே பணி செய்து, அதனைச் சொந்தத் தொழிலாக்கினர். இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

எம்மெட் டில் கொல்லப்பட்ட அதே 1955-இல்தான் இந்திய நாடாளுமன்றம், இடுகாடும் சுடுகாடும் செல்வோரைத் தீண்டாமையால் தடுப்பது குற்றம் என்று சட்டம் இயற்றியது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி அருகே வழி கிடைக்காமல் நம்மவர் ஒருவர் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினர். சட்டம் எழுதினால் மட்டும் போதாது; அதனைப் படித்து, மனு எழுதி, வழக்குத் தொடுத்து நிலைநாட்டப் படித்தவர் வேண்டும்.

இளைஞர்களே! இறந்தோர்க்குச் செய்யும் மரியாதையில் குறை வேண்டா. அதற்கான வழியையும் இடத்தையும் உரிமையோடு கேளுங்கள். ஆனால் கடன் பட்டுச் செய்யும் ஆடம்பரத்தைத் தவிர்த்து, அக்காசை நம் பிள்ளைகளின் படிப்புக்குத் திருப்புங்கள். வாரக் காசு கொண்டு ஒரு சுரங்கத் தொழிலாளியால் கல்லூரி காண முடிந்ததெனில், கால் நூற்றாண்டு கண்ட நம் சங்கத்தால் முடியாதது என்ன? வாழ்க சங்கம்! வளர்க அதன் பணி!