உசாத்துணைச் சேவையும் மனிதத் தொடர்பும்

நூலகவியல் வரலாற்றில் 1876ஆம் ஆண்டு இருவகையாற் சிறப்புடையது. ஐக்கிய அமெரிக்காவில் மெல்வில் டூயி தமது தசமப் பகுப்பாக்கத்தை அவ்வாண்டிலேயே வெளியிட்டார். நூல்கள் எண்களால் ஒழுங்கு பெற்றன. அதே ஆண்டிற் பிலடெல்பியாவிற் கூடிய நூலகர் மாநாட்டில், மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரப் பொது நூலகர் சாமுவேல் சுவெற் கிறீன், நூலகருக்கும் வாசகருக்கும் நேரடித் தொடர்பு வேண்டுமென வலியுறுத்தினார். பட்டியலைக் கையாளும் பயிற்சியற்ற பொதுமக்களை இன்முகத்துடன் வரவேற்று, அவர் வேண்டுவதைக் கண்டறிந்து உதவுதல் நூலகர் கடன் என்பது அவர் வாதமாகும். கருவியும் அதன் குறைநிரப்பும் கொள்கையும் இவ்வாறு ஒருங்கே தோன்றின.

கணித ஆசிரியராயிருந்து 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதனிடம் இவ்விரண்டும் இணைந்தன. 1933இற் கோலன் பகுப்பாக்கத்தை வெளியிட்ட அவரே, வாசகரையும் நூலையும் தனிப்பட்ட கவனத்துடன் இணைப்பதே உசாத்துணைச் சேவை எனக் கொண்டார். வாசகரின் நேரத்தைச் சேமித்தல், 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவதாகும்.

வாசகர் முதலிற் கேட்கும் வினா அவரது உண்மைத் தேவையன்று என்பதை 1968இல் றொபேட் ரெயிலர் விளக்கினார். 'இலங்கை வரலாறு' கேட்டு வரும் மாணவனுக்கு வேண்டியது 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் சீர்திருத்தமாக இருக்கலாம். இரண்டொரு வினாக்களாலேயே அது வெளிப்படும்.

1971இல் ஒகையோ மாநிலக் கல்லூரி நூலகங்கள் கணினிவழிக் கூட்டுப் பட்டியலாக்கத்தைத் தொடங்கின. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பிற நூலகங்களுடன் இணைந்து இணையவழி உசாத்துணைச் சேவையை ஏற்படுத்தியது. வினா தொலைவிலிருந்து வந்தபோதும், விடையளித்தவர் நூலகரே என்பது நோக்கற்பாலது.

இன்று இயந்திரமே விடை கூறுகையில் நூலகர் எதற்கு எனச் சிலர் வினவுவர். வினாவைத் திருத்தமாக அமைக்கத் தெரிந்தவருக்கு அவ்விடை போதுமாகலாம். தன் குடும்பத்தில் முதன்முதலாக நூலகத்துட் புகும் மாணவனோ, எதைக் கேட்பதென்றறியாது கூசி நிற்கிறான். அக்கூச்சத்தை முகத்திற் கண்டு, அருகிற் சென்று பேசுபவர் நூலகரே. ஆதலின், இயந்திரம் சேமித்துத் தரும் நேரம் நூலகரைக் குறைப்பதற்கன்றி, அம்மாணவனுக்குச் செவிசாய்ப்பதற்கே செலவிடப்படல் வேண்டும்.